பிடித்திருக்கும் விரல்

லா சப்பலில் என் தொழில் என்னவென்று சரியாகத் தெரிந்தவர்கள் குறைவு. வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் மென்பொருள் ஆலோசனை சொல்கிறவன் என்று விளக்கினால், "ஓ, கொம்பியூட்டர்" என்று தலையாட்டுவார்கள். அடுத்த ஞாயிறு பழுதான பிரின்டரோடு வந்து நிற்பார்கள். ஆகவே, போன வருடம் கார்த்திகையில் ரூ கைலில் உள்ள ஒரு தேநீர்க் கடையில் அண்ணை என்னைப் பிடித்து, "தம்பி, என்ர பெட்டிக்கு ஒரு றிமோட் பூட்டித் தருவியோ?" என்று கேட்டபோது எனக்கு அது வியப்பாக இருக்கவில்லை.

அண்ணை வன்னியில் பிறந்தவர். தொண்ணூறுகளில் பரிசுக்கு வந்து, கோப்பை கழுவி, பிறகு கட்டட வேலைக்கு மாறியவர். இப்போது இரண்டு பேரை வைத்துக்கொண்டு, திருத்த வேலை நடக்கும் பழைய வீடுகளிலிருந்து இடிகற்களை ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டும் சிறு தொழில் செய்கிறார். வானின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும், சரிந்து கொட்டும் இழுவைப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். வேலைத்தலத்தில் அதை றெமோர்க் என்பார்கள். ரக்ரர் பெட்டியில் நெல் மூட்டை ஏற்றி வளர்ந்தவருக்கு அது எப்போதும் பெட்டிதான்.

பெட்டியின் முன்பக்கத்தில் 12 வோல்ட் பற்றறி, ஒரு மோட்டர், ஒரு எண்ணெய்ப் பம். ஏற்றும் பொத்தானை அமத்தினால் மோட்டர் ஓடி எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளும், பெட்டி நிமிரும். இறக்கும் பொத்தான் ஒரு வால்வை மட்டும் திறக்கும். மோட்டர் ஓடாது. பெட்டியின் பாரமே எண்ணெயைத் திருப்பி அனுப்பிவிடும். ஏறும்போது இரைச்சல், இறங்கும்போது அமைதி. இந்த வேறுபாட்டை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

இந்தப் பொறியின் அடிப்படையை எழுதிவைத்தவர் இதே பரிசில் வாழ்ந்து மடிந்த பிளேஸ் பஸ்கால். அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல், வெளிவந்த அவருடைய நூல் ஒன்று சொல்கிறது: நீர் நிரம்பிய பாத்திரத்துக்கு இரண்டு வாய்கள் இருந்து, ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரிதானால், சிறிய வாயில் ஒருவர் தள்ளுவது பெரிய வாயில் நூறு பேர் தள்ளுவதற்குச் சமம். அண்ணையின் பெருவிரலுக்குப் பின்னால் அப்படி நூறு பேர் நிற்கிறார்கள். நான் செய்யவேண்டியிருந்தது, அந்த நூறு பேரையும் விரலிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கவைப்பது.

அதற்கு நல்ல காரணமும் இருந்தது. பொத்தான்கள் ஒரு வயரின் நுனியில் தொங்கின. வயரின் நீளம் மூன்று நான்கு மீற்றர்தான். பெட்டியின் முன்மூலையில் நின்று அமத்தினால் பின்கதவடியில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. புழுதியும் முகத்தில் அடிக்கும். றிமோட் இருந்தால் தள்ளி நின்று முழுப் பெட்டியையும் பார்க்கலாம். தூரம் என்றாலே பார்வை குறையும் என்று நினைத்திருந்தேன். இங்கே தூரம்தான் பார்வையைத் தந்தது. அண்ணை மட்டும் கொஞ்சம் தயங்கினார். "றிமோட் எண்டால் எனக்கு வேற ஞாபகங்கள் வரும். ஆனா இது வேலைக்குத்தானே" என்றார்.

லா கூர்னெவில் அவர் பெட்டியை நிறுத்தும் வளவில் ஒரு ஞாயிறு வேலை முடிந்தது. மோட்டர் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். அதை றிமோட்டின் றிசீவர் தாங்காது. ஆனால் தாங்கவேண்டிய தேவையும் இல்லை. மோட்டரை இணைக்கும் பெரிய றிலேயின் சுருளுக்கும் வால்வின் சுருளுக்கும் வேண்டிய சிறு மின்சாரத்தை மட்டும் அது கொடுத்தால் போதும். பழைய பொத்தான்களுக்குப் போகும் வயர்களோடு சமாந்தரமாக றிசீவரை இணைத்து, ஒரு பியூஸ் போட்டு, மழை படாத பெட்டிக்குள் வைத்தேன். றிசீவருக்குள் இரண்டு ஊசிகளின்மேல் மாட்டும் சின்னப் பிளாஸ்ரிக் தொப்பி ஒன்று இருந்தது. அதை ஓரிடத்தில் மாட்டினால், பொத்தானைப் பிடித்திருக்கும்வரை மட்டும் பெட்டி அசையும். இன்னோரிடத்தில் மாட்டினால், ஒருமுறை தொட்டாலே போதும். வேறு பொத்தான் அதை நிறுத்தும்வரை தொடர்ந்து இயங்கும்.

முதலில் பிடித்திருக்கும் முறையில்தான் மாட்டினேன். அண்ணை இரண்டு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தார். பெட்டி முழுதாக ஏறி இறங்க ஒரு நிமிடத்துக்குக் கிட்ட ஆகும். பழைய காயம் ஒன்றால் அவருடைய பெருவிரல் குளிரில் விறைத்துவிடும். "ஒருக்கா அமத்தினால் போதாதோ தம்பி?" என்று கேட்டார். என் தொழிலில் இதற்குப் பயனரின் தேவை என்று பெயர். பயனர் கேட்டதைக் கொடுப்பவன் நல்ல ஆலோசகன். தொப்பியைக் கழற்றி மற்ற ஊசிகளில் மாட்டினேன். அரை நிமிட வேலை. அன்று இரவு அண்ணை எனக்குக் கொத்துரொட்டி வாங்கித் தந்தார்.

மாசி மாதம், நகரின் ஒடுங்கிய தெரு ஒன்றில், அண்ணை இறக்கும் பொத்தானைத் தொட்டுவிட்டு றிமோட்டைச் சட்டைப் பைக்குள் போட்டார். வழியை மறிக்கிறீர்கள் என்று சத்தம்போட்ட அயலவர் ஒருவருக்குப் பதில் சொல்லத் திரும்பினார். அவரிடம் வேலை செய்த இருபத்துநாலு வயதுப் பொடியன் பெட்டிக்கும் சட்டகத்துக்கும் இடையில் விழுந்த கையுறையை எடுக்கக் கையை நீட்டினான். பெட்டி நிமிர்ந்து நிற்கிறது என்றுதான் அவன் நினைத்தான். இரைச்சல் இல்லாததால் அது இறங்கிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியவில்லை. கையை இழுத்துக்கொண்டான். மோதிரவிரலின் நுனி மட்டும் அகப்பட்டது. நகமும் அதற்குக் கீழே கொஞ்சமும் போய்விட்டன.

விசா இல்லாத பொடியன். ஆஸ்பத்திரியில் கதவு நசித்தது என்று சொல்லியிருக்கிறான். எனக்கு இது இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் வந்தது. அண்ணை, "என்ர பிழை, நான் பார்த்திருக்கவேணும்" என்றார். பொடியன், "என்ர பிழைதான், ஏன் கையை விட்டனான்" என்று சொன்னானாம். கடையில் இதைக் கேள்விப்பட்டவர்கள், கண்ணூறு என்றார்கள். விரலோடு போனது என்றார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சின்னத் தொப்பியைப் பற்றி எனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும்.

மூன்று வாரம் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள் நல்ல நியாயங்கள்தான். நான் அங்கே நிற்கவில்லை. பொத்தானை நான் அமத்தவில்லை. கேட்டதைத்தான் செய்தேன். ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு பொய் வந்தது.

நியாயம் தேடி வாசித்தபோது இந்தக் கருவியின் பிறப்புக் கதையும் அகப்பட்டது. 1898இல் நியூயோர்க்கில் நிக்கோலா டெஸ்லா வானொலி அலையால் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். அதைப் போர்க் கருவியாக அமெரிக்கக் கடற்படைக்கு விற்க முயன்றார். 1903இல் லெயொனார்டோ டொரெஸ் கெவேடோ என்ற ஸ்பானியப் பொறியியலாளர், இதே பரிசின் அறிவியல் கழகத்தில், தன் 'டெலிகினோ' என்ற கருவியை முன்வைத்தார். ஆகாயக் கப்பல்களைப் பரிசோதிக்கும்போது உள்ளே இருப்பவர் செத்துப்போகக் கூடாது என்பது அவருடைய கவலை. ஐந்து ஆண்டு இடைவெளியில் ஒரே எண்ணம் இரண்டு நோக்கங்களோடு பிறந்திருக்கிறது. ஒருவருக்கு, தன்னுடைய ஆள் சாகாமல் மற்றவனை அழிக்கும் தூரம். மற்றவருக்கு, ஒருவருமே சாகாமல் இருப்பதற்கான தூரம்.

அண்ணைக்கு வந்த "வேற ஞாபகங்கள்" எவை என்று நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. வன்னியின் வானத்தில் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தைச் சனம் 'வண்டு' என்று அழைத்தது. அந்த இரைச்சலுக்குப் பின்னால் எங்கோ ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீதிக்கரையில் கிளைமோர்கள் இருந்தன. 2006 யூன் 15இல் கெப்பித்திகொல்லாவையில் பேருந்தில் போன சிங்களக் கிராமத்தவர்கள் அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். 2008 யனவரி 29இல் மடுப் பக்கத்தில் பாடசாலைப் பிள்ளைகள் போன பேருந்து சிக்கியது. முதலாவதைப் புலிகளும் இரண்டாவதை இராணுவமும் செய்ததாகச் சொல்லப்பட்டது. இரு தரப்பும் தங்கள் தங்கள் பங்கை மறுத்தன. தூரத்து விரலுக்கு உள்ள வசதி அதுதான். அது பிறகு சட்டைப் பைக்குள் போய்விடலாம். என் சிறு தவறை அந்தக் கொடுமைகளோடு சமப்படுத்தவில்லை. ஆனால் மறுப்பதற்கான வசதி இரண்டிலும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது.

அப்படியானால் தூரம்தான் குற்றவாளியா? நான் அப்படி நினைக்கவில்லை. கார் டு நோர்டுக்கு வரும் ரயில்களைப் பாருங்கள். பிரெஞ்சு ரயில்களில், சாரதி விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கும் ஒரு கருவி உண்டு. அவர் ஒரு மிதியையோ தொடுபொருளையோ அழுத்திப் பிடித்திருக்கவேண்டும். விட்டுவிட்டால், எச்சரிக்கை மணி அடித்து, பிறகு ரயில் தானாக பிரேக் பிடிக்கும். அதோடு முடியவில்லை. தொடர்ந்து பிடித்தபடியே இருந்தாலும் ஆகாது. 55 வினாடிக்குள் ஒருமுறையாவது சற்று விட்டுப் பிடிக்கவேண்டும். இல்லையென்றால் அதற்கும் மணி அடிக்கும். மயங்கி விழுந்தவரின் உடம்பும் மிதியை அழுத்திக்கொண்டிருக்கலாம் அல்லவா? பிடித்திருப்பது வேறு, விழித்திருப்பது வேறு என்று அந்தக் கருவிக்குத் தெரிந்திருக்கிறது.

ஐரோப்பாவின் இயந்திரங்கள் பற்றிய 2006ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. இயக்குபவர் நிற்கும் இடத்திலிருந்து, ஆபத்தான பகுதியில் ஒருவரும் இல்லை என்று அவரால் உறுதிப்படுத்த முடியவேண்டும். தொலைவிலிருந்து ஓட்டும் நடமாடும் இயந்திரம், ஓட்டுபவரின் கட்டுப்பாடு கைவிட்டுப்போனால் தானாக நிற்கவேண்டும். தூரத்தை இவை தடைசெய்யவில்லை. தூரத்துக்குப் போகிறவன் தன் கவனத்தையும் கூடவே கொண்டுபோகவேண்டும் என்கின்றன. நான் மாற்றிய தொப்பி, அண்ணையின் விரலுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. அவருடைய கண்ணுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டது. பிடித்திருக்கவேண்டிய நிர்ப்பந்தம் இருந்திருந்தால், அயலவரோடு சண்டைக்குத் திரும்பியபோது விரல் தளர்ந்திருக்கும். பெட்டியும் நின்றிருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு எல்லாளன் நினைவுக்கு வந்தான். கன்றைத் தேரால் கொன்ற மகனைத் தேர்க்காலிலிட்ட மனுநீதிச் சோழனின் கதை திருவாரூருக்குரியது. மகாவம்சம் அதே கதையை அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனுக்குச் சொல்கிறது. அவனுடைய படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி. நீதி கேட்பவர் யாரும் இழுக்கலாம் என்று அதற்கு நீண்ட கயிறு. அரசகுமாரன் கவனியாமல் தேரோட்டினான், கன்று செத்தது, தாய்ப்பசு கயிற்றை இழுத்தது. சிறுவயதில் இதைக் கேட்டபோது மகனைக் கொன்ற நீதிதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது கயிறுதான் பெரிதாகத் தெரிகிறது. மாளிகைக்குள் தூங்குகிறவன் வீதியில் நடப்பதைப் பார்க்கமுடியாது. தன் பார்வை எட்டாது என்று தெரிந்துதான் அவன் மற்ற முனையில் இருப்பவர் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்துவைத்தான்.

அதே அத்தியாயத்தில் நம்மவர் அதிகம் பேசாத இன்னொரு சம்பவமும் இருக்கிறது. எல்லாளன் தேரில் போகும்போது அதன் நுகத்தின் முனை பட்டு ஒரு தூபி சேதமடைந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று மகாவம்சமே சொல்கிறது. ஆனாலும் அவன் தேரிலிருந்து குதித்து, வீதியில் படுத்து, என் தலையையும் இந்தச் சில்லாலே வெட்டுங்கள் என்றான். அமைச்சர்கள் மறுத்தார்கள். பிறருக்குத் துன்பம் செய்வதைப் புத்தர் விரும்பமாட்டார், தூபியைத் திருத்திக் கொடுங்கள் என்றார்கள். விழுந்தவை பதினைந்து கற்கள்தான். அவற்றை மீள வைக்க அவன் பதினையாயிரம் கஹாபணம் செலவிட்டான். மகனுக்குத் தலை, தனக்குக் கல்லா என்று கேட்கலாம்; எனக்கும் அந்த நெருடல் உண்டு. என்றாலும், தெரியாமல் செய்த பிழைக்குத் தலையைக் கொடுப்பதைவிடக் கல்லை எடுத்து வைப்பது கடினமான வேலை. குற்ற உணர்ச்சியில் மூன்று வாரம் படுத்திருந்த எனக்கு, அதுவும் ஒருவகையில் வீதியில் படுத்து நாடகமாடுவதுதான் என்று பட்டது. பொடியனின் விரலுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. ஊரில் தனியே இருக்கும் சித்தப்பாவுக்கு நான் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் அதைத் தானியங்கியாக்கிவிட்டேன். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி காசு தானாகப் போகும். அதற்கு முன்பு அனுப்புகிற சாட்டில் மாதம் ஒருமுறை கதைப்பேன். தானியங்கியான பிறகு கதை குறைந்து, தீபாவளிக்கும் பொங்கலுக்குமாகச் சுருங்கிவிட்டது. அதுவும் அதே தொப்பிதான். அன்றிரவு அழைத்தேன். மார்கழியில் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு வெடித்து, இரண்டு மாதம் படுக்கையில் இருந்தாராம். "ஏன் சித்தப்பா சொல்லேல்ல?" என்றேன். "காசு வந்துகொண்டுதானே இருந்தது. நீ சுகமா இருக்கிறாய் எண்டு தெரியும். உன்னை ஏன் குழப்புவான்?" என்றார். நான் விழித்திருக்கிறேன் என்பதற்கு அவர் வைத்திருந்த அடையாளம் அது. உண்மையில் அது மயங்கியவனின் கால் மிதியில் கிடந்தது போலத்தான்.

புலம்பெயர்ந்த நம் வாழ்வு முழுக்கத் தூரத்துப் பொத்தான்களால் ஆனது. காணிக்கு வேலி, கோயிலுக்குக் கோபுரம், தங்கச்சிக்கு மாப்பிள்ளை, ஒரு காலத்தில் போருக்கும் சமாதானத்துக்குமான கருத்து என்று எல்லாவற்றையும் இங்கிருந்து அமத்தியிருக்கிறோம். அமத்தியதெல்லாம் பிழை என்று சொல்லவரவில்லை. அந்தக் காசில் படித்த பிள்ளைகளும் பிழைத்த உயிர்களும் ஏராளம். என் கேள்வி சிறியது. அமத்திய பிறகு பார்த்துக்கொண்டு நின்றோமா? மறுமுனையில் இருப்பவர் நிறுத்தச் சொல்ல நாம் ஒரு கயிறு கொடுத்திருந்தோமா?

பங்குனி முதல் ஞாயிறு பொடியனைத் தேடிப் போனேன். நாலு பேர் தங்கும் அறையில், கையில் கட்டோடு தேநீர் ஊற்றித் தந்தான். தொப்பியைப் பற்றி முழுதாகச் சொன்னேன். எது எப்படி இருந்தது, ஏன் மாற்றினேன், மாற்றாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் எல்லாம். அவன் கோபப்படுவான் என்றோ, பரவாயில்லை என்பான் என்றோ எதிர்பார்த்திருந்தேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப, அதை இப்ப மாத்தியாச்சோ?" என்று கேட்டான். நான் மாற்றியிருக்கவில்லை. பெட்டி அந்த மூன்று வாரமும் அதே முறையில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரமே மூன்று பேருமாக லா கூர்னெவுக்குப் போனோம். தொப்பியைப் பழைய ஊசிகளில் மாட்டினேன். வால்வின் சுருளோடு சமாந்தரமாக ஒரு சிறு ஒலிப்பானை இணைத்தேன். இனி இறங்கும்போதும் பெட்டி சத்தம் போடும். பின்கதவுப் பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தோம். அதை அடித்தால் மின்சாரம் அறும், வால்வு மூடிக்கொள்ளும், பெட்டி நின்ற இடத்தில் நிற்கும். எந்த உயரத்தில் வைப்பது என்று பொடியனைக் கேட்டோம். அவன் குனிந்து, நிமிர்ந்து, கையை எட்டிப் பார்த்து ஓரிடத்தைக் காட்டினான். வேலைக்குப் போகமுடியாத ஆறு வாரச் சம்பளத்தில் பாதியை அண்ணை ஏற்கெனவே கொடுத்திருந்தார். மீதியை நான் கொடுத்தேன். போன நுனியை எதுவும் மீட்கப்போவதில்லை. அவனுக்கு விசாவும் வரவில்லை.

சித்தப்பாவின் தானியங்கிக் கொடுப்பனவை நிறுத்திவிட்டேன். இப்போது மாதாமாதம் கையால் அனுப்புகிறேன். சிலவேளை இரண்டு நாள் பிந்துகிறது. நினைத்தபோது ஒரு மிஸ்ட் கோல் விடச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் ஒரு கூட்டத்தின் நடுவில் விட்டார். எழுந்து வெளியே போய் எடுத்தேன். ஒன்றுமில்லை, முருங்கை காய்த்திருக்கிறதாம்.

அண்ணை இன்னும் முறைப்பாடு சொல்கிறார். குளிரில் விரல் விறைக்கிறது, அரை நிமிடம் ஒன்றும் செய்யாமல் நிற்கவேண்டியிருக்கிறது என்கிறார். நான் அவருக்குத் தடித்த கையுறை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.